எங்களுக்கென்று ஓர் அரை மணித்தியாலம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், அல்லைப்பிட்டியில் வசிக்கும் பழைய மாணவிகள் ஐவரின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய்மாரைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் எங்களைக் கேட்டிருந்தார். ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற பெயரில் படிவங்களில் எங்களுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்துக்குள் அடையாளமிட்டு அடையாளமிட்டுப் பழகிவிட்டோம். சுயதொழில் கடன், கோழி, தையல் இயந்திரம் என்று கூட்டங்களும் நிறையக் கண்டுவிட்டோம். ஆகையால் இன்றைக்கு வேறொன்றைப் பேச வந்திருக்கிறோம். எங்கள் உடம்பைப் பற்றி.

நாங்கள் ஐந்து பேர். ஒருத்தி ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஒருத்தி வேலணையில் உள்ள பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒருத்தி தாதி, இரவு முறை, பகல் முறை என்று மாறி மாறி வேலை. ஒருத்தி கூட்டுறவுக் கடையில் காசாளர். ஐந்தாவது ஆள் வீட்டிலிருந்து தைக்கிறா. ஒருவருக்குப் போர், ஒருவருக்குக் கடல், ஒருவருக்கு வெளிநாடு போய்த் திரும்பாத கணவன், மற்ற இருவருக்கும் அவரவர் காரணம். காரணங்களை இந்த மேடைக்குக் கொண்டுவரவில்லை. ஐந்து வீட்டிலும் காலை நாலரைக்கு எழும்பி அடுப்பை மூட்டுவது ஒரே ஆள், இரவு பத்துக்குக் கதவைப் பூட்டுவதும் அதே ஆள் என்பது மட்டும் பொது.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, எங்களில் ஒருத்தி பட்டணத்திலிருந்து ஸ்கூட்டியில் பண்ணைப் பாலத்தால் வந்துகொண்டிருந்தா. பின்னால் ஒன்பது வயது மகள். நடுப்பாலத்தில் கண் மங்கிக் கை நடுங்கியது. ஓரமாக நிறுத்தி, தரையில் இருந்துவிட்டா. இரண்டு பக்கமும் கடல். மகள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கொடுத்துவிட்டு, “அம்மா, நான் ஆருக்குக் கோல் எடுக்கிறது?” என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு உடனே சொல்ல அவவிடம் ஒரு பெயரும் இருக்கவில்லை. பிறகு கிளினிக்கில் பார்த்தபோது சீனி கூடியிருந்தது, பிரஷரும் கூடியிருந்தது. வைத்தியர் மருந்து எழுதிவிட்டு, “ஒவ்வொரு நாளும் நடக்க வேணும்” என்றார். எப்போது நடப்பது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவருக்கும் நேரம் இல்லை. வெளியே வரிசை நின்றது.

இரண்டு பெற்றோர் உள்ள வீட்டில் ஒருவர் படுத்தால் மற்றவர் கஞ்சி வைப்பார். எங்கள் வீடுகளில் மாற்று ஆள் இல்லை. மெலிந்து அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நாங்கள் உடற்பயிற்சி தொடங்கவில்லை. பிள்ளை உயர்தரம் எழுதும் வரைக்கும் நாங்கள் எழும்பி நிற்க வேண்டும் என்ற பயத்தில் தொடங்கினோம்.

தொடங்கிய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வருடம் முழுக்கத் தோல்விதான். ஒருத்தி பட்டணத்தில் உள்ள ஓர் உடற்பயிற்சி நிலையத்தில் ஆறு மாதக் காசை ஒன்றாகக் கட்டினா. போனது பதினொரு நாள். வகுப்பு மாலை ஆறுக்கு; கடைசி பஸ்ஸைப் பிடிப்பதா, வகுப்பை முடிப்பதா என்ற போட்டியில் பஸ்தான் வென்றது. இன்னொருத்தி நாலரை மணியை நான்கு மணியாக்கிப் பார்த்தா. இரண்டாம் கிழமை வகுப்பறைக் கதிரையில் நித்திரை தூங்கிவிட்டா. தாதிக்கு இரவு முறை முடிந்து வந்தால் உடம்பு நடக்க மாட்டேன் என்கிறது. எல்லோரும் தனித்தனியே தோற்று, தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தோம்.

நேரத்தை விடப் பெரிய தடை ஒன்று இருந்தது. ஊர் வாய். தலைக்கயிறு இல்லாத பெண் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பின்னேரம் ஆறு மணிக்கு வீதியால் விறுவிறு என்று போனால், “எங்க பிள்ளை வெளிக்கிட்டிட்டாய்?” என்று முதல் நாள் கேட்பார்கள். மூன்றாம் நாள் கேட்க மாட்டார்கள். தங்களுக்குள்ளேயே விடையைச் சொல்லிக்கொள்வார்கள். வீட்டிலும் அப்படித்தான். எங்களில் ஒருத்தியின் தாயார் சொன்ன வார்த்தையை இப்போதும் மறக்க முடியவில்லை: “நாங்கள் நடந்த நடை காணாதே பிள்ளை? இன்னும் ஏன் நடக்கிறாய்?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், நாவற்குழிப் பாலத்தால் இலட்சக்கணக்கான சனத்தோடு நடந்தபோது எங்களிற் சிலர் இந்தப் பாடசாலைச் சீருடை வயதில் இருந்தோம். 2006 ஆவணியில் அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின்மேல் எறிகணை விழுந்தது. ஊர் மறுபடியும் கால்நடையாய் வெளியேறியது. அந்தச் சனத்தைக் கூட்டிக்கொண்டு போன பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் அதே மாதம் காணாமற் போனவர், இன்றுவரை இல்லை. எங்கள் தாய்மாருக்கு நடை என்றால் மூட்டையும் பிள்ளையும் தூக்கிக்கொண்டு ஓடுவது. எங்கும் போக வேண்டியில்லாமல், கையில் ஒன்றும் சுமக்காமல், போன வழியாலேயே திரும்பி வீட்டுக்கு வருகிற நடை என்று ஒன்று இருக்கிறது என்பதை அந்த அம்மாவுக்கு விளங்கப்படுத்தச் சில மாதம் எடுத்தது. இப்போது அவ கோயில்வரைக்கும் எங்களோடு வருகிறா.

ஊர் வாய்க்கு மருந்து எண்ணிக்கை. ஒருத்தி நடந்தால் கதை, ஐந்து பேர் நடந்தால் அது பழக்கம். பிள்ளைகளும் சேர்ந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதை நாங்கள் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு நாள் மூன்று பேர் தற்செயலாய்ச் சந்தியில் கண்டுகொண்டோம், அவ்வளவுதான்.

கணக்கு ஒன்று சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்புச் செய்ய வேண்டும். அதோடு இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும். ஒரு கிழமையில் 10,080 நிமிடம். 150 என்பது அதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள். அந்த நிபந்தனையை இப்போது நீக்கிவிட்டார்கள். பஸ் வரும்வரை தரிப்பிடத்தில் இருக்காமல் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்த ஆறு நிமிடமும் கணக்கு. அலுவலக மாடிப்படியும் கணக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. எங்கள் நேரம் எப்போதும் சில்லறையாகத்தான் கிடைக்கிறது.

பஸ் என்றதும் ஒரு பழைய ஆராய்ச்சி ஞாபகம் வருகிறது. ஜெரமி மொறிஸ் என்ற வைத்தியர் லண்டன் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953 இல் கட்டுரை எழுதினார். சாரதி நாள் முழுதும் இருப்பவர். நடத்துநர் நாளுக்குச் சுமார் 600 படி ஏறி இறங்குபவர். ஒரே பஸ், ஒரே வீதி. ஆனாலும் சாரதிகளுக்குத்தான் மாரடைப்புக் கூடுதலாக வந்தது. எங்கள் ஆசிரியையும் தாதியும் நடத்துநர் பக்கம். காசாளரும் தையற்காரியும் சாரதி பக்கம். “நாள் முழுக்க வேலைதானே செய்கிறோம், அதுவே பயிற்சி” என்று சொல்பவர்கள், எந்தப் பக்கம் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். எங்கள் அம்மம்மாமார் கிணற்றில் தண்ணீர் அள்ளி, உரலில் மா இடித்தார்கள். எங்களுக்கு மோட்டரும் மில்லும் வந்துவிட்டன. அது நல்லதுதான், திரும்ப உரலுக்குப் போகச் சொல்லவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். காசாளர் பட்டணத்துக் கடைக்கு சைக்கிளில் போய் வருகிறா. போக அரை மணி, வர அரை மணி. கிழமையில் ஐந்து நாள் என்றால் 300 நிமிடம், தனியாக நேரம் ஒதுக்காமலே. பாலத்தில் சைக்கிள் ஓடியவர்களுக்குத் தெரியும், சோளகக் காலத்தில் காலையில் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும், பின்னேரம் நெஞ்சில் கை வைத்து மறிக்கும். வாடைக் காலத்தில் அப்படியே மறுவளம். சோளகத்தில் திரும்பி வருகிற அரை மணி முக்கால் மணியாகும். அந்த மாதங்களில் அவ தனக்குத் தானே கூடுதல் புள்ளி போட்டுக்கொள்கிறா.

மற்ற நால்வரும் கிழமையில் நான்கு மாலை, வெயில் தணிந்த பிறகு நடக்கிறோம். பிள்ளைகள் சைக்கிளில் முன்னும் பின்னும். வேகம் காணுமோ என்று அறிய ஒரு வழி உண்டு: கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நாங்கள் கல்லூரிக் கீதத்தை எடுத்துப் பார்ப்போம். இரண்டாம் வரி மூச்சு வாங்காமல் வந்தால் நடை மெது என்று அர்த்தம். (சங்கீத ரீச்சர் இங்கே இருக்கிறா, மன்னிக்க வேண்டும்.) வீதியோரத்தில் நடக்கிறபடியால் எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி வலப்பக்கத்தால் போகிறோம், இருளத் தொடங்கினால் வெள்ளைச் சட்டை. சோங் காலத்துச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்த மணல் எங்கள் ஊர் மணல் என்று வரலாற்று ஆசிரியர்கள் பெருமைப்படுவார்கள். எங்களுக்கு அந்த மணலில் நடந்தால் கெண்டைக்கால் நோகும் என்பதுதான் முதலில் தெரிந்தது. சீனி வருத்தம் உள்ளவர்கள் மணல் மெத்தென்று இருக்கிறதே என்று வெறுங்காலுடன் இறங்க வேண்டாம். நெருஞ்சி முள் குத்தியது தெரியாமலே காலைப் பழுதாக்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். மருந்து எடுப்பவர்களும் நெஞ்சு நோ உள்ளவர்களும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். 35 வயது கடந்தும் சுகவனிதையர் கிளினிக்குக்கு இன்னும் போகாதவர்கள், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக்கே திகதி கேளுங்கள். அது இலவசம்.

தசைப் பயிற்சிக்கு இயந்திரம் வாங்கவில்லை. கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி இருப்பது பத்துத் தரம், சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்துத் தரம், தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர்ப் போத்தல் இரண்டு. இடியப்பம் அவிகிற நேரத்துக்குள் முடியும். மாதவிடாய் நிற்கும் வயதுக்குப் பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது என்பதால் இதை நடையை விடக் கவனமாகச் செய்கிறோம். தாதிக்கு இரவு முறைக் கிழமை இது மட்டும்தான். நடை இல்லை. அதற்காக அவவை ஒருவரும் குறை சொல்வதில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் அவர்களின் நேரத்தைத் திருடுகிறோம் என்ற குற்றவுணர்வு எல்லோருக்கும் இருந்தது. பரீட்சைக் காலத்தில் இப்போதும் வருகிறது. ஆனால் வீட்டில் மேசைக்கு முன்னால் வாய் திறக்காத பதினைந்து வயதுப் பெடியன், பக்கத்தில் நடக்கும்போது, முகத்தைப் பார்க்க வேண்டியில்லாததாலோ என்னவோ, பாடசாலையில் நடந்ததை எல்லாம் சொல்கிறான். அன்று பாலத்தில் தண்ணீர்ப் போத்தல் திறந்து கொடுத்த மகளுக்கு இப்போது பன்னிரண்டு. யாருக்குக் கோல் எடுப்பது என்று அவளுடைய கொப்பியின் பின்பக்கத்தில் நான்கு இலக்கங்கள் எழுதியிருக்கிறாள். நான்கும் எங்களுடையவை. அம்மாவின் சீனியும் இறங்கியிருக்கிறது. மருந்து நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

வெளிநாட்டில் இருப்பவர்களும் எங்களைப் போலத்தான் என்று தொலைபேசியில் தெரிந்துகொண்டோம். ரொறன்ரோவில் இரண்டு வேலை பார்க்கும் எங்கள் வகுப்புத் தோழி பனிக்காலத்தில் கடைத்தொகுதிக்குள் நடக்கிறா. ஞாயிறு எங்களுக்குப் பின்னேரம் ஐந்தரை, அவவுக்குக் காலை ஏழு. காதில் கருவியை மாட்டிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் நடப்போம். இங்கே வியர்வை, அங்கே கையுறை. வராத ஞாயிறு அவ காரணம் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

இந்தப் பாடசாலை எங்களுக்கு உடம்பையும் கற்றுத் தந்தது. இல்ல மெய்வல்லுநர் போட்டி, அணிநடை, வலைப்பந்து எல்லாம் பதினெட்டு வயதோடு முடிந்துவிட்டதாக நாங்களே முடிவு கட்டிவிட்டோம். முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா அப்படி நினைக்கவில்லை. 2023 இல், 72 வயதில், பிலிப்பைன்ஸ் போய் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் எடுத்து வந்தார். எங்களுக்குப் பதக்க ஆசை இல்லை. ஒரு கோரிக்கைதான் உண்டு, அதைக் கேட்கத்தான் வந்தோம்.

நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டப் போவதாக அறிந்தோம். கட்டுங்கள். அதோடு, பாடசாலை மைதானத்தைக் கிழமையில் இரண்டு மாலை, ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்கும், பழைய மாணவிகளுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் திறந்துவிட வேண்டும். மதிலுக்குள் என்றபடியால் ஊர் வாயும் நாயும் வராது. வலைப்பந்துக் கம்பம் ஏற்கெனவே நிற்கிறது. ஒரு பக்க வகுப்பறையில் மின்குமிழ் எரிந்தால் பிள்ளைகள் வீட்டுவேலை செய்வார்கள். எங்கள் ஆசிரியை முறை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறா. கரையோரத்தில், நகரத்தில், வலிகாமத்தில் எங்களைப் போல் எத்தனை பேர் தனித்தனியே தோற்றுக்கொண்டிருக்கிறார்களோ, அவர்களும் வரட்டும். படலைத் திறப்பை யார் வைத்திருப்பது என்று நிர்வாகம் கேட்கும். நாங்கள் வைத்திருப்போம். மின்சாரக் கட்டணத்துக்கு ரொறன்ரோத் தோழி முதல் ஆறு மாதத்தைப் பொறுப்பேற்றிருக்கிறா.

அதிபர் அவர்கள் இந்த மேடையிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குச் சப்பாத்தோடு படலையடியில் நிற்போம்.