டிசம்பரில் குறையும் ரத்தம்

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆப்பிரிக்கக் கிராம மருத்துவமனைக்குத் தொண்டு செய்யப் போக விரும்புகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் அங்கே என்ன தேவையோ அதைக் கேட்டுச் செய்வதுதான் தொண்டு. மலாவியைப் பாருங்கள். நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை அங்கே மழை. மழையோடு கொசு பெருகும், மலேரியா ஏறும். போன அறுவடையின் மக்காச்சோளம் பல வீடுகளில் தீர்ந்துபோகும் மாதங்களும் இவைதான். சத்துக் குறைந்த குழந்தையின் சிவப்பணுக்களை மலேரியாக் கிருமி உடைத்தால் ரத்தசோகை சட்டென்று முற்றிவிடும். செவிலியர் குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பார். அது வெளுத்திருந்து மூச்சும் வாங்கினால் நேரமில்லை என்று பொருள். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ரத்தம் எங்கிருந்து வரும்? இதைக் கொஞ்சம் கவனியுங்கள், நேயர்களே. அங்கே தாமாக முன்வந்து ரத்தம் கொடுப்பவர்களில் பெரும்பகுதி பள்ளி மாணவர்கள். கிறிஸ்துமஸுக்குப் பள்ளிகள் மூடியிருக்கும். தேவை கூடும் நேரத்தில் வரத்து குறைகிறது.

ஆகவே, உடல் தகுதியுள்ள தொண்டர் முதலில் கொடுக்கக்கூடியது ரத்தம். ஒருவர் தருவது சுமார் 450 மில்லி. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒருமுறை ஏற்றுவது ஏறத்தாழ 200 மில்லி. கணக்கு உங்களுக்கே புரியும். அடுத்தது, பண்டிகை நாளில் உள்ளூர்ச் செவிலியர் வீட்டுக்குப் போய்வர, அவர் வேலையில் தன்னால் முடிந்ததை ஏற்பது.

விமானச் செலவை அப்படியே மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாமே என்று கேட்பார்கள். மருத்துவப் பயிற்சி இல்லாதவருக்கு அதுவே சரியான வழி. ரத்தத்தையும் சொந்த ஊரிலேயே கொடுக்கலாம். பயிற்சி பெற்றவர் விஷயம் வேறு. உலக நோய்ச்சுமையில் 24 சதவீதம் ஆப்பிரிக்காவில், சுகாதாரப் பணியாளர்களோ 3 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2006இல் கணக்கிட்டது. அந்தப் பற்றாக்குறை பணத்தால் மட்டும் உடனே தீராது. சில வாரம் வந்துபோகிறவர் சுமையாகிவிடுவார் என்பதும் நியாயமான கவலை. மொழி தெரியாதவர் தன் போக்கில் மருத்துவம் பார்த்தால் ஆபத்து நோயாளிக்குத்தான். அதனால் பணி அட்டவணையை உள்ளூர்த் தலைமைச் செவிலியர் போடட்டும். சொந்த நாட்டில் செய்ய உரிமையில்லாத சிகிச்சையை அங்கேயும் யாரும் செய்ய வேண்டாம். கேட்டுப் போங்கள், கட்டுப்பட்டு உழையுங்கள், முடிந்தால் ரத்தம் கொடுங்கள். வரும் டிசம்பரில் ரத்தம் இல்லை என்று எந்தத் தாயிடமும் சொல்ல நேராதிருக்கட்டும்.