பாளையக்காரரும் இரவற் படையும்



1795ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. கோட்டையை முற்றுகையிட வந்தோர் வெள்ளைக்காரர் மட்டுமல்லர். சென்னை இராசதானியின் சுதேசச் சிப்பாய்களும் அப்படையில் இருந்தனர். துப்பாக்கி ஐரோப்பியத் துப்பாக்கி. அணிநடை ஐரோப்பிய அணிநடை. ஆட்கள் மாத்திரம் அக்கரையில் உள்ள நம்மவர். இப்படை எந்த மண்ணில் வளர்ந்தது, எவர் பணத்தில் வளர்ந்தது, அதனை எவர் எதிர்த்தனர் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

16ஆம் நூற்றாண்டிலே விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை 72 பாளையங்களாக வகுத்தனர் என்பது மரபு. பாளையக்காரர் நிலத்தை அனுபவித்தார்; அதற்கு ஈடாக அரசருக்குத் திறை செலுத்தினார்; போர் வந்தால் ஆட்களைத் திரட்டிச் சென்றார். ஊர்க்காவலும் அவர் பொறுப்பே. குடிகள் காவற்கூலி கொடுப்பார்கள். களவு போன பொருள் அகப்படாவிடின் காவல் ஏற்றவரே நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். ஆகவே வேலும் வாளும் தாங்கிய ஆட்கள் பாளையக்காரருக்கு வெறும் ஆடம்பரம் அல்லர். அவருடைய வருமானம், மதிப்பு, கடமை யாவும் அவர்களைப் பற்றியே நின்றன. குடிகளைக் கசக்கிப் பிழிந்த பாளையக்காரரும் இருந்தனர். அதனை மறைக்க வேண்டியதில்லை.

1707இல் அவுரங்கசீப் மறைந்தபின் தில்லிப் பேரரசு பெயரளவில் நின்றது. 1736 அளவில் மதுரை நாயக்கராட்சியும் முடிந்தது. பாதுசாவின் பெயரால் ஆர்க்காட்டில் ஆண்ட நவாபு முகம்மது அலி, தென்பாண்டிச் சீமை முழுவதும் தம்முடையதே என்றார். ஆனால் திறை பெறுவதற்கு அவரிடம் தக்க படை இல்லை. கும்பனியாரின் படையை இரவல் வாங்கினார். 1755இல் கேணல் ஹெரன் தலைமையில் அது தெற்கே சென்றது. நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவர் பணியவில்லை.

அவரைப் பின்னர் முறியடித்தவர் வெள்ளையர் அல்லர். கும்பனிச் சிப்பாய்களின் தலைவர் யூசுப்கான். கான்சாகிபு என்று நாட்டுப்பாடல்கள் போற்றுபவர் இவரே. 1758இலும் 1759இலும் பிரெஞ்சுக்காரர் சென்னையை முற்றுகையிட்டபோது கும்பனிக்காகப் போரிட்டவர். பின்பு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளைக் குத்தகைக்கு எடுத்து, பாளையக்காரர் பலரை அடக்கினார். ஒழுங்கான படையும் ஒழுங்கான வரியும் ஒருவர் கையில் சேர்ந்தன. சேர்ந்ததும் நவாபு அஞ்சினார். தமக்குக் கீழ்ப்பட்டு நடக்குமாறு வற்புறுத்தினார். கும்பனியாரும் நவாபின் பக்கமே நின்றனர். அடக்க வந்தவர் தாமே எதிர்த்து எழுந்தார். 1763இல் மதுரையை முற்றுகையிட்ட படை தோற்றுத் திரும்பியது. 1764இல் மீண்டும் வந்தது. கோட்டை தாக்குதலால் வீழவில்லை. உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் மதுரையிலே தூக்கிலிடப்பட்டார். இவ்வரலாறு முழுவதிலும் என் மனத்தைப் பெரிதும் உறுத்துபவர் இவரே. கட்டபொம்மனுக்குக் கிடைத்த இரக்கத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை.

இரவற் படைக்குக் கூலி கொடுக்க வேண்டுமல்லவா? நவாபு கடன் வாங்கினார். கடன் கொடுத்தோருள் கும்பனியின் உத்தியோகத்தரே பலர். வட்டி ஏறியது, வட்டிக்காகத் திறை ஏறியது, திறைக்காகப் படை மீண்டும் தெற்கே சென்றது, அதற்கும் செலவு நவாபின் கணக்கில் விழுந்தது. 1785இல் எட்மண்டு பர்க் இக்கடன்களைக் குறித்து இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் பேசிய பேச்சு புகழ்பெற்றது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாளையக்காரரிடம் திறை பெறும் உரிமை கும்பனிக்குப் போயிற்று. நவாபுக்கு மிஞ்சியது பெயர்.

துருக்கியிலும் இத்தகைய பூசல் நிகழ்ந்தது. 1826இல் சுல்தான் இரண்டாம் மகுமூது பழைய ஜானிசரிப் படையைக் கலைத்துப் புதுப்படை அமைத்தார். பொஸ்னிய நாட்டுத் தலைவர்கள் 1831இல் உசேன் கப்பித்தான் தலைமையில் எதிர்த்தனர்; மறு ஆண்டு தோற்றனர். ஆயினும் சுல்தானின் படை சுல்தானுக்கே உரியது. வென்றவரும் அவரே. நவாபின் பெயரால் நிகழ்ந்த போர்களில் நவாபு ஒருநாளும் வெல்லவில்லை.

1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைப் பார்த்தவர்கள் சண்டை வரிக்காகவே நடந்தது என்று எண்ணுவர். வரி பாதிக் கதைதான். 1799 ஒக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றிலே, மற்றைப் பாளையக்காரர் முன்னிலையில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், அவர்களுக்கு இட்ட கட்டளையைக் கவனிக்க வேண்டும்: கோட்டைகளை இடித்துவிடுங்கள், ஆயுதங்களை ஒப்படையுங்கள். திறையைக் குறைத்தாலும் பாளையக்காரர் பாளையக்காரராகவே இருப்பார். ஆயுதம் போனால் அவர் வெறும் நிலக்காரர்.

1801 பெப்ருவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை சில நாட்களிலே மீண்டும் எழுந்தது. மார்ச்சில் வந்த படையைத் துரத்தியது. மே மாதத்திலேதான் வீழ்ந்தது. யூன் மாதத்தில் சிவகங்கைச் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரில் ஒட்டப்பட்டது. ஐரோப்பியருக்கு இடங்கொடுத்த நவாபைக் கண்டித்ததோடு அது நிற்கவில்லை. கும்பனிப் படையிலுள்ள சிப்பாய்களையும் சுபேதார்களையும் விளித்துப் பேசியது. படை எவருடையது என்ற வினா அங்கேதான் வெளிப்படையாக எழுந்தது. யூலை 31ஆம் நாள் புதிய நவாபு ஆட்சியைக் கும்பனிக்கு எழுதிக் கொடுத்து உதவிப்பணம் பெறலானார். ஒக்டோபர் 24இல் மருது சகோதரர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். 1802இல் அவர்களைச் சார்ந்த எழுபதுக்கு மேற்பட்டோர் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1803இல் பாளையங்கள் ஜமீன்களாயின.

மூன்றாண்டு கழித்து, 1806 யூலை 10ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் கும்பனியின் சிப்பாய்களே எழுந்தனர். அங்கே வழக்கு திறையைப் பற்றியதன்று. புதிய தலைப்பாகையைப் பற்றியும், நெற்றிக்குறியையும் காதணியையும் நீக்கச் சொன்ன விதியைப் பற்றியுமாகும்.