193ஆ, 184ஆ?



இந்திய-அமெரிக்க அணுசக்தி ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று வழக்காட நான் வரவில்லை. அதற்கு இன்னொரு மேடை இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: அதை நம் நாடாளுமன்றம் என்றைக்கு வாக்கெடுத்து ஏற்றது?

2008 ஜூலை 22 என்பார்கள். அன்று என்ன நடந்தது? ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொள்ள, மன்மோகன் சிங் அரசு சபையிடம் நம்பிக்கை கேட்டது. சிறையில் கிடந்த உறுப்பினர்களைக்கூட வாக்களிக்கக் கூட்டிவந்தார்கள். பா.ஜ.க. உறுப்பினர்கள் ஒரு கோடி ரூபாயைக் கட்டுக்கட்டாகச் சபை மேசையில் அடுக்கி, எங்களை வாங்கப் பார்த்த பணம் இது என்றார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரவு கணக்குச் சொன்னார்கள்: ஆதரவு 275, எதிர்ப்பு 256. அரசு பிழைத்தது. நாற்காலிக்கு எடுத்த வாக்கு ஐயா அது! மாட்டுக்கு விலை பேசச் சொன்னால் கயிற்றுக்கு விலை பேசிவிட்டு வந்த கதை.

அதற்கு முந்தைய நவம்பரில் மக்களவை விவாதிக்கவில்லையா என்று கேட்பார்கள். விவாதித்தது, 193ஆம் விதியின் கீழ். அந்த விதியில் பேசலாம், வாக்கெடுப்பு கிடையாது. 184ஆம் விதியில் தீர்மானம் வந்திருந்தால் சபை ஆம், இல்லை என்று சொல்லியே ஆகவேண்டும். அது வரவில்லை. எதிர்த்த கட்சிகளும் 193இலேயே பேசி ஓய்ந்தன. அவர்களையும் நான் விடமாட்டேன்.

அமெரிக்காவில்? 2008 செப்டம்பர் இறுதியில் பிரதிநிதிகள் சபை 298-117. அக்டோபர் 1இல் செனட் 86-13. அங்கே இரண்டு அவைகளும் கை தூக்கின. அக்டோபர் 10இல் வாஷிங்டனில் கையெழுத்தானது. நம் நாடாளுமன்றம் மறுபடி கூடியது அக்டோபர் 17இல். தாலி கட்டி முடிந்து ஒரு வாரம் கழித்துப் பெண் வீட்டாரை அழைத்தார்கள்!

சட்டத்தை மீறினார்களா? இல்லை, அதுதான் கொடுமை. அரசமைப்பின் 253ஆம் பிரிவு, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. கையெழுத்துக்கு முன் அதைக் கேட்டாக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. 1974இல் கச்சத்தீவும் இப்படித்தான் போனது. கையெழுத்தான பிறகு, ஜூலை 23இல், மக்களவையில் ஓர் அறிக்கை படித்தார்கள், அவ்வளவுதான்.

தேர்தல் வரும். கும்பிட்ட கையோடு வேட்பாளர் உங்கள் தெருவுக்கு வருவார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்: வெளிநாட்டு ஒப்பந்தம் எதுவானாலும் முதலில் நாடாளுமன்ற வாக்கு, பிறகே கையெழுத்து என்று சட்டம் கொண்டுவரப் பேசுவீர்களா? பதில் வரும்வரை கையை விடாதீர்கள்!