நரம்பும் தசையும் பிரியுமிடம்

1939ஆம் ஆண்டு மே மாதம் 2ஆந் திகதி, லூ கெரிக் என்னும் அமெரிக்க பேஸ்போல் வீரர், தம்மை அன்றைய ஆட்டத்தினின்று நீக்குமாறு தாமே கேட்டுக்கொண்டார். இடையீடின்றி 2,130 ஆட்டங்கள் ஆடியவர் அவர். முந்திய ஆண்டிலேயே அவருடைய ஆட்டம் சற்றுத் தளர்ந்திருந்தது. அடுத்த மாதம் வைத்தியர்கள் அவரைப் பற்றியிருப்பது இயக்க நரம்புக்கல நோய் என்றனர். 1941இல், 37ஆவது வயதில் அவர் காலமானார்.

அத்தனை வலிமை படைத்த உடலில் இந்நோய் எங்கே தொடங்குகின்றது?

நேயர்களே, தசையை இயக்கும் நரம்புக்கலத்தின் உடல் முண்ணாணில் இருக்கின்றது. அதினின்று பாதத்துக்குச் செல்லும் நார் ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமுடையது. அந்நார் தசையோடு ஒட்டியிருப்பதாக எண்ணுவோர் பலர். உண்மையில் இடையே மிக நுண்ணிய வெளியொன்று உண்டு. நரம்பின் நுனி அசற்றைல்கோலின் என்னும் இரசாயனப் பொருளைச் சொரிகின்றது. அது வெளியைக் கடந்து தசையைச் சேர்ந்ததும் தசை சுருங்குகின்றது. பேனா பிடிப்பதும் சோறு விழுங்குவதும் மூச்சிழுப்பதும் இவ்வாறே நிகழ்வன.

கலம் மடிந்த பின்னரே நார் பட்டுப்போகும் என்பது இயல்பாகத் தோன்றும் கருத்து. 2004இல் வெளியான ஆய்வொன்று இதற்கு மாறானதைக் காட்டிற்று. இந்நோய்க்குரிய பரம்பரையலகைக் கொண்ட சுண்டெலிகளில், முதலில் நரம்புநுனிகள் தசையைவிட்டு விலகின. பின்னர் நார்கள் அழிந்தன. கலவுடல்கள் இறுதியிலேயே மடிந்தன. மூளையிலிருந்தே கேடு இறங்குகின்றது என்பாரும் உளர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் நுனி முதலில் நலிவதற்குக் காரணம் காண்பது அரிதன்று. அதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலன முண்ணாணிலிருந்தே நாரின் வழியாக வரவேண்டும். வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் வாடுவது கடைமடை வயலன்றோ?

இனி, வியப்பும் வேதனையும் தருவது ஒன்றுண்டு. ஒரு நுனி விலகியதும் அயல் நரம்பு புதுக்கிளை விட்டு, கைவிடப்பட்ட தசைநாரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கின்றது. ஆதலால் இழப்பு நெடுநாள் வெளித்தோன்றுவதில்லை. அயலாரின் இவ்வுதவியே நோயை மறைத்தும் விடுகின்றது! தாங்கிய நரம்பும் ஒருநாள் தளரும். அப்போது அதைச் சார்ந்த தசைநார்கள் அனைத்தும் ஒருங்கே துணையிழக்கின்றன. சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல் மறுக்கும் நாளில் எத்தனையோ இணைப்புகள் அறுந்துவிட்டிருக்கும். தொட்டால் உணர்வு தெரியும். கண்ணசைவும் பெரும்பாலும் எஞ்சி நிற்கும்.

1995இல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற ரிலுசோல் என்னும் மருந்து ஆயுளைச் சில மாதங்களே நீட்டுகின்றது. 2023இல் அங்கு அனுமதிபெற்ற டோபர்சென், ஒரு குறித்த பரம்பரையலகால் நோயுற்ற சிலருக்கே உரியது. அப்பரம்பரையலகு இருந்தும் தளர்ச்சி இன்னும் தோன்றாதவர்களுக்கு அம்மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு 2021இல் தொடங்கியது. அங்கே வைத்தியர்கள் விரல் தளரும்வரை காத்திருப்பதில்லை. நரம்பு நலியும்போது குருதியிற் கலக்கும் புரதமொன்று ஏறுகின்றதா என்று பார்த்துவருகின்றனர்.