சிங்கத்தினுள் இருவர்

சீனப் புத்தாண்டு பிறந்ததும் கோலாலம்பூர், சிங்கப்பூர், ஹொங்கொங் முதலிய நகரங்களின் கடைத்தெருக்களிலே பெருமுரசின் ஒலி கேட்கத் தொடங்கும். வணிகர் தத்தம் கடைவாசலுக்கு வந்து நிற்பர். தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை அஞ்சி முகத்தை மறைத்து, மறுகணமே ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்க்கும். பெருந்தலையும் உருண்ட விழிகளும் கொண்ட சிங்கம் ஒன்று, காதை அசைத்து, இமையைக் கொட்டி, வாசலை நோக்கி ஆடி வரும். கூட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது ஒரே விலங்குதான். அதனுள்ளே இருப்பவரோ இருவர். அவ்விருவரும் எவ்வாறு ஓருடலாகின்றனர் என்பதே இந்த ஆடலின் உயிர்நிலை.

சிங்கம் சீனநாட்டுக் காடுகளுக்கு உரிய விலங்கன்று. மேற்றிசை நாடுகளிலிருந்து பேரரசருக்குக் காணிக்கையாக வந்த சிங்கங்களைத் தவிர, உயிருள்ள சிங்கத்தை அந்நாட்டு மக்களுட் பெரும்பாலோர் கண்டதில்லை. ஆயினும், கி.பி. 618 முதல் 907 வரை ஆண்ட தாங் வமிசத்தாரின் அரசவையில் சிங்க ஆடல் நிகழ்ந்தது. அக்காலப் பெருங்கவிஞராகிய பை சூயி, சிங்க வேடமிட்டு ஆடுவோரைத் தம் பாடல் ஒன்றிலே குறிப்பிடுகின்றார். கண்ணாற் காணாததைக் கற்பனையாற் படைத்தமையாற் போலும், சீனச் சிங்கம் காட்டுச் சிங்கத்தைப் பெரிதும் ஒத்திருப்பதில்லை.

இவ்வாடலில் வடநாட்டு முறை, தென்னாட்டு முறை என இரு பிரிவுகள் உள்ளன. வடநாட்டுச் சிங்கத்துக்கு உடல் முழுவதும் சடைமயிர் தொங்கும். தென்னாட்டுச் சிங்கம் குவாங்டொங் மாகாணத்துக்கு உரியது. அதன் தலையிலே ஒரு கொம்பும், நெற்றியிலே ஒரு சிறு கண்ணாடியும் இருக்கும். தன் உருவத்தைக் கண்ணாடியிற் கண்டு தீய ஆவி வெருண்டோடும் என்பது நம்பிக்கை. பிழைப்புத் தேடித் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கடல் கடந்த குவாங்டொங் மக்கள் இச்சிங்கத்தையும் தம்முடன் கொண்டு சென்றனர்.

மூங்கிற் சிம்புகளை வளைத்துக் கட்டி, கடதாசியும் துணியும் ஒட்டி, வர்ணந் தீட்டித் தலையைச் செய்வது பழைய மரபு. மூன்று இராச்சியக் காலத்து வீரர்களான லியூ பெய், குவான் யூ, சாங் பெய் ஆகியோரை நினைவூட்டும் வகையில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறங்கள் சிங்கங்களுக்கு அமைவதுண்டு. புதிய சிங்கத்தை உடனே ஆடவிடுவதில்லை. மதிப்புக்குரிய ஒருவர் தூரிகையைச் செந்நிறக் குழம்பில் தோய்த்து அதன் விழிகளிலே புள்ளி இடுவார். அதன் பின்னரே சிங்கம் உயிர்பெற்றதாகக் கொள்வர். திருக்கோயிற் படிமங்களுக்குக் கண் திறக்கும் சடங்கை அறிந்த தமிழ் மக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இனி, அச்சிங்கத்தின் உள்ளே செல்வோம். முன்னே நிற்பவர் தலையை இரு கைகளாலும் தாங்குகின்றார். அதே கைகளாற் கயிறுகளை இழுத்து இமையையும் காதையும் அசைக்கவும், வாயைத் திறந்து மூடவும் வேண்டும். வெளியுலகு அவருக்குச் சிங்கத்தின் வாய்வழியாகவே தெரியும். பின்னே நிற்பவருக்கு அதுவும் இல்லை. இடுப்பை வளைத்துக் குனிந்து, முன்னவரின் இடைக்கச்சையைப் பற்றிக்கொண்டு, துணிப் போர்வையின் கீழே அவர் இயங்குகின்றார். அவர் காண்பன முன்னவரின் குதிகால்களும் சிறிதளவு நிலமுமே. உள்ளே புழுக்கம்; முதுகிலே வலி; வியர்வை கண்ணில் வழிந்தாலும் துடைக்கக் கை ஒழிவதில்லை. சிங்கம் நிமிர்ந்து எழ வேண்டிய வேளையில், முன்னவரைத் தூக்கித் தம் தொடையிலோ தோளிலோ நிறுத்துபவர் இவரே. கச்சையில் ஓர் இழுப்பு, உடலின் ஒரு சாய்வு, தாழ்ந்த குரலில் ஒரு சொல், இவையே இருவருக்கும் இடையிலான மொழி.

இதனாலேதான் பயிற்சி தலையிலே தொடங்குவதில்லை, காலிலே தொடங்குகின்றது. குதிரைமேல் இருப்பவனைப்போல முழங்காலை மடக்கி, கால்களை அகற்றி நெடுநேரம் நிற்கும் நிலையை மாணவர் முதலிற் கற்பர். இது சீனத் தற்காப்புக் கலையின் அடிப்படை நிலை. சிங்க ஆடற் குழுக்கள் பல அக்கலைக் கூடங்களிலேயே தோன்றின.

இருவரையும் பிணைக்கும் மற்றொன்று முரசு. முரசறைபவர் சிங்கத்தின் மேல் வைத்த கண்ணை எடுப்பதில்லை. அது உறங்கினால் ஒலி தணியும், ஐயுற்றால் தயங்கும், மகிழ்ந்தால் பெருகும். சேமக்கலமும் கைத்தாளங்களும் முரசைப் பின்பற்றும். வெளியே பார்வையற்ற பின்னவருக்கு இவ்வொலியே வழிகாட்டி.

ஆடலின் உச்சம், பச்சிலை பறித்தல் எனப்படும் நிகழ்ச்சி. வணிகர் சலாதுக் கீரையுடன் சிவப்பு உறையிலிட்ட பணத்தைக் கட்டி வாசலில் தொங்கவிடுவர். அக்கீரையின் சீனப் பெயர், செல்வம் பெருகுதல் என்ற தொடரை ஒத்து ஒலிக்கும். சிங்கம் உடனே பாய்ந்து உண்பதில்லை. அணுகும், முகரும், அஞ்சிப் பின்வாங்கும், மீண்டும் அணுகும். முடிவிலே கவ்வி மென்று, பணத்தை உள்ளே வைத்துக்கொண்டு, இலைகளை நாற்புறமும் சிதறும். அச்சிதறலே வணிகருக்கு வாழ்த்து.

மலேசியக் குழுக்கள் வளர்த்தெடுத்த கம்ப ஆடல் இக்கலையை மேலும் கடினமாக்கியது. ஆளுயரத்துக்கு மேற்பட்ட இரும்புக் கம்பங்களின் உச்சியில், ஒரு முழத்துக்கும் குறைந்த அகலமுள்ள வட்டத் தட்டுகள் இருக்கும். சிங்கம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும். முன்னவர் தாவும் கணத்திலேயே பின்னவரும் தாவுதல் வேண்டும். ஒருவர் அரைக்கணம் பிந்தினால் இருவரும் வீழ்வர். எலும்பு முறிந்தோரும் இக்கலையில் உளர். கெந்திங் மலையில் 1994 ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் போட்டியிலே பல நாட்டுக் குழுக்கள் இத்திறனைக் காட்டியுள்ளன.

இக்கலையின் வரலாறு முழுவதும் இணக்கமானதன்று. இரு குழுக்கள் ஒரே தெருவிற் சந்தித்து, எவர் வழிவிடுவது என்ற பிணக்கில் கைகலந்த காலம் உண்டு. மலேசியாவில் 1971 இல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை வகுக்கப்பட்டதன் பின்னர், இச்சிங்கம் அந்நாட்டுக்கு உரியதா என்ற வினாவும் எழுந்தது. கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களுக்கு அது வெறும் ஆடல்பற்றிய வினாவாக இருக்கவில்லை. தாம் பிறந்த மண்ணில் தமக்குள்ள இடம்பற்றிய வினாவாகவே இருந்தது. 2007 இல் கம்பச் சிங்க ஆடல் மலேசியாவின் மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலே சீனாவும் சிங்க ஆடலைத் தன் தேசிய மரபுப் பட்டியலிற் சேர்த்திருந்தது. மலேசியக் குழுக்களிலே மலாய் இளைஞரும் தமிழ் இளைஞரும் சீனருடன் சேர்ந்து ஆடுவதைக் காணலாம். முற்காலத்தில் விலக்கப்பட்டிருந்த பெண்களும் இன்று தலையை ஏந்துகின்றனர்.

போர்வையின் கீழே புகுந்தபின் இன்னார் இன்ன இனத்தவர் என்பது எவருக்கும் தெரிவதில்லை. அங்கே கேட்கப்படுவது ஒன்றே: முன்னவர் தாவும்போது பின்னவர் உடன் தாவுவாரா? அந்த நம்பிக்கை ஒரு நாளில் வருவதன்று. ஆண்டுக்கணக்கில் ஒருவர் சுமையை மற்றவர் சுமந்தே அது வளர்கின்றது. ஆடல் முடிந்து சிங்கம் மும்முறை தலைவணங்குகையில், மக்கள் அந்தத் தலையை நோக்கிக் கைதட்டுவர். அவ்வேளையிலும் வாலின் கீழே ஒருவர் குனிந்தபடியே நிற்கின்றார். அவர் நிமிர்வது போர்வை அகற்றப்பட்ட பின்னரே.