பத்தாமவர் யார்?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யூத மக்களின் கூட்டு வழிபாட்டிற்குப் பத்துப் பேர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் சில துதிகளை ஓதலாகாது. இறந்தோர் பொருட்டு ஓதும் ‘கதீஷ்’ என்பதும் அவற்றுள் ஒன்று. தந்தையை இழந்த மகன் எண்மரைக் கூட்டி வைத்துக்கொண்டு, பத்தாமவர் வரமாட்டாரா எனத் தெருவை நோக்கி நிற்பது சிறிய ஊர்களில் அவர்கட்குப் பழகிய துயரம். அப்பத்துப் பேரும் பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவராதல் வேண்டும் என்பது தொன்றுதொட்ட விதி. மகளிர் ஐம்பதின்மர் மாடத்தில் அமர்ந்திருப்பினும் எண்ணிக்கை ஒன்பதே!

இவ்விதியைத் தளர்த்திக்கொண்ட முற்போக்கு யூதர்களைப் பற்றியே இன்று நாம் பேசப் புகுந்தோம். தமிழ் விழாவில் இஃது எதற்கு என்பீர்கள். தாயகத்திற்கு வெளியே வாழ்ந்து, மொழியையும் முறையையும் மக்களிடம் ஒப்படைக்க வேண்டிய கடமை அவர்கட்கும் உண்டு, நமக்கும் உண்டு. அதுவே காரணம்.

இம்மாற்றம் ஜெர்மனியில் முளைத்தது. 1810இல் சீசன் என்னும் சிற்றூரிலும், 1818இல் ஹாம்பர்க் நகரிலும் எழுந்த ஆலயங்களில், எபிரேயத்தோடு மக்கள் பேசிய ஜெர்மன் மொழியும் வழிபாட்டில் ஒலித்தது. பொருள் அறியாது உதடு மட்டும் அசைத்தல் வழிபாடாகுமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. (இவ்வினா நம் ஊர்க் கோயில்களிலும் கேட்ட வினாவே அன்றோ!) இங்கிலாந்தில் 1902இல் யூத சமய ஒன்றியம் தோன்றியது. அதனை நிறுவப் பாடுபட்டவர் லில்லி மாண்டேகு என்னும் பெண்மணி. 1918இல் அவர் ஆலயத்திலேயே அறவுரை ஆற்றினார். ஜெர்மனியில் 1935இல் ரெஜினா யோனாஸ் அம்மையார் ‘ராபி’ என்னும் சமய ஆசான் பட்டம் பெற்றார். பெண்ணொருத்தி அப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. 1944இல் நாஜிகள் அவரை ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றனர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். கொங்கணக் கடற்கரையில் பன்னெடுங்காலம் வாழ்ந்தவர் பெனே இஸ்ரேல் என்னும் யூதர். எண்ணெய் ஆட்டுதல் அவர்தம் தொழில். சனிக்கிழமையன்று செக்கை நிறுத்திவிடுவர். ஆதலின் ஊரார் அவர்களைச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றனர். நூல் இழந்த காலத்தும் ஓய்வுநாளை இழக்கவில்லை! தாய்மொழி மராத்தி. நேர்த்திக்கடனாக ‘மலிதா’ படைப்பர். அவல், வெல்லம், தேங்காய்த் துருவல், பழங்கள் என்று அப்படையலின் பொருள்களைச் சொன்னால் நம் தாய்மார்கள் புன்னகை புரிவர். ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி மாலையில் திராட்சை மதுவுக்கு ஈடாக, உலர்ந்த திராட்சையை ஊறவைத்த சாற்றைப் பருகுவதும் அவர் வழக்கம்.

இம்மரபில் வந்த மருத்துவர் ஜெருஷா ஜிராத் அம்மையார் இலண்டனில் பயிலச் சென்றபோது, அங்கு நிலவிய முற்போக்கு வழிபாட்டில் உள்ளம் தோய்ந்தார். பம்பாய்க்குத் திரும்பி 1925இல் யூத சமய ஒன்றியத்தைத் தொடங்கினார். பின்னர் காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பையும் ஏற்று, 1966இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். ஒன்றியத்தின் ஆலயத்திற்கு ‘ரோதெப் ஷாலோம்’ என்று பெயர். அமைதியை நாடுவோர் என்பது பொருள். பெரும்பாலான பெனே இஸ்ரேலர் பழைய ஆலயங்களிலேயே நின்றனர் என்பதையும் கூறல் வேண்டும்.

பழமை பேணுவோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஒவ்வொரு விதியாகத் தளர்த்தினால் இறுதியில் எஞ்சுவது யாது என்று அவர்கள் கேட்பது நேர்மையான கேள்வி. எனினும் விதியால் நேர்ந்த புண்ணும் உண்டு. இஸ்ரேலுக்குக் குடியேறிய பெனே இஸ்ரேலர் பிறரை மணக்க விரும்பினால், அவர்தம் பாட்டி, பூட்டி யார் என்று ஆராய்தல் வேண்டுமென 1962இல் அங்குள்ள சமயத் தலைமை பணித்தது. செக்கை நிறுத்தி ஓய்வுநாள் காத்தவரின் பேரர்களுக்கா இக்கேள்வி! அவர்கள் வீதியில் இறங்கிப் போராடினர். 1964இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அவர்கள் எவ்வகையிலும் குறைவற்ற யூதரே என்று அறிவித்தது.

பிறப்பைப் பற்றிய விதியிலும் முற்போக்காளர் கைவைத்தனர். தாய் யூதராயின் பிள்ளை யூதர் என்பது மரபு. தந்தை மட்டுமே யூதராயினும், பிள்ளை அச்சமய வாழ்வில் வளருமாயின் ஏற்போம் என்று அமெரிக்கச் சீர்திருத்த ராபிகள் 1983இல் தீர்மானித்தனர். தன்பால் நாட்டமுடையார் 1972இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தமக்கென அமைத்த வழிபாட்டு அவையையும் சீர்திருத்தச் சபையினர் இரண்டாண்டில் தம்முள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டனர். இவற்றை எல்லா யூதரும் ஒப்பவில்லை, இன்றும் வழக்குரைக்கின்றனர்.

நம் காலனியிலோ? வங்காளத்து மருமகள் வந்த வீடுகள் உண்டு. பஞ்சாபி மருமகன் வந்த வீடுகளும் உண்டு. அவ்வீட்டுக் குழந்தை நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்கு வந்தால், ‘அரைத் தமிழ்’ என்று நாம் நகைப்பதுண்டு. அக்குழந்தை மறுவாரம் வருவதில்லை. இலக்கணம் கடினமென்பதால் வரவில்லை என்று நாமே காரணமும் கற்பித்துக்கொள்கிறோம்.

நம் தலைநகரில், ஹுமாயூன் சாலையில், 1956இல் எழுந்த ஜூடா ஹையாம் ஆலயம் இருக்கிறது. மிகச் சிறிய கட்டடம். விரல்விட்டு எண்ணத்தக்க யூதக் குடும்பங்களே தில்லியில் உள்ளன. ஆடவர் பதின்மர் வரவேண்டுமென்று காத்திருந்தால் பல வெள்ளிக்கிழமைகளில் வழிபாடே நடவாது. அங்குப் பல்லாண்டு வழிபாடு நடத்திய எசக்கியேல் ஐசக் மாலேக்கர், மகளிரையும் பதின்மருள் ஒருவராக எண்ணும் வழக்கத்தைக் கொண்டார். தோரா என்னும் திருமறையை மகளிர் வாசிக்கவும் தடையில்லை. தந்தைக்காகக் கதீஷ் ஓத வந்தவர் அங்கே தெருவை நோக்கி நிற்க வேண்டியதில்லை. அவர் அருகில் நிற்கும் தங்கையே பத்தாமவர்.