லீவு முடிஞ்சா யாரு பாக்கது?

நான் நர்சிங் மூணாவது வருஷம் படிக்கிறேன். ஊர் ஆலங்குளம். தென்காசி மாவட்டம்னதும் குற்றாலத்தைக் கேப்பாங்க. எங்க தெருவுல சாரலைவிட பீடித் தட்டுதான் அதிகம்.

பொங்கல் லீவுல தோழிங்களோட, பக்கவாதத்துல படுத்திருக்கிற ஒரு ஆச்சியைப் பார்க்கப் போனேன். உடம்பு துடைச்சுவிட்டோம், பிபி பார்த்தோம். இடுப்புல படுக்கைப் புண். கிளம்பும்போது, பீடி சுத்திக்கிட்டே மருமக கேட்டாங்க: "லீவு முடிஞ்சா நீங்க காலேஜுக்குப் போயிருவீங்க தாயி. அப்புறம் யாரு பாக்கது?"

பதில் சொல்ல முடியலை. ஒரே இடத்துல அழுத்தம் விழுந்து ரத்த ஓட்டம் குறைஞ்சா புண் வரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். இது எங்களுக்குப் பாடம். செய்யப்போற அந்த அக்காவுக்கு நாங்க சொல்லித் தரலையே!

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை இயக்கம் அக்கம்பக்கத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்துதான் வளர்ந்தது. நம்ம ஊர்ல 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துலயும் நர்ஸ் வீட்டுக்கு வர்றாங்க. ஆனா நடுராத்திரி முழிச்சிருக்கிறது வீட்டு ஆளுதான்.

மிச்ச ரெண்டு நாளும் போனோம். புண்ணைப் பத்தி நர்ஸ்கிட்ட சொன்னோம். விரிப்பைப் பிடிச்சுத் திருப்புறது, குதிகால் படாம கெண்டைக்கால் அடியில தலையணை வைக்கிறது, எல்லாத்தையும் அக்காவையும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் செய்ய வச்சோம். கடைசி நாள் ஆச்சிகிட்ட நாங்க உக்காந்திருந்தோம். அக்கா ரெண்டு மணி நேரம் அசந்து தூங்கினாங்க.

அடுத்த லீவுக்கு நீங்களும் போங்க. நோயாளியைப் பார்க்கிறப்ப, பக்கத்துல முழிச்சிருக்கிறவங்களையும் பாருங்க.